ஒரு நிமிடத்தில் ஏழு மிருகங்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு யோஸ்காத் மாட்டுச் சந்தையில் யாரிடம் சாட்சி கேட்டாலும் துர்முஷைத்தான் காட்டுவார்கள். ஐம்பது வருடம் அந்தச் சந்தையில் தரகு பார்த்த மனிதர். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் சேர்த்துப் பிடித்து, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி குலுக்குவார். குலுக்குகிற நேரம் முழுக்க வாய் ஓயாது. மாட்டின் தாயைப் பற்றிச் சொல்வார், அது மேய்ந்த புல்லைப் பற்றிச் சொல்வார், வாங்குகிறவனின் பாட்டனார் எவ்வளவு தாராளமானவர் என்பதையும் சொல்வார். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது இருவரில் ஒருவன் சரி என்று தலையாட்டியிருப்பான்.

அந்த வாய் இப்போது பத்து நாளாகப் பயந்து கிடந்தது.

காரணம் அவருடைய வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, பின்னால் ஒரு வாதுமை மரம். அதை மகள் கெவ்ஸர் பெயருக்கு எழுதிவைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். கெவ்ஸருக்கு நாற்பத்து நாலு வயது. கணவன் வேறொருத்தியோடு போய்விட, எட்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. துர்முஷின் மனைவி எமினே இறந்த பிறகு அவருக்குச் சூப்பு வைப்பதும், ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைப்பதும் அவள்தான். இளையவன் யாவுஸ் கைசேரியில் சோபா கட்டில் விற்கிறான். நல்ல வசதி. இருந்தாலும் அப்பா கண்ணை மூடினால் மறு வாரமே அந்த வீட்டை விற்றுப் பங்கு கேட்பான், அக்கா தெருவில் நிற்பாள் என்பது துர்முஷுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் பற்றி வேறு யார் சொல்லித் தெரியவேண்டும்?

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே கவுன்டரில் இருந்தவர் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எழுபத்திரண்டு ஆயிருச்சே, மாமா. அறுபத்தஞ்சு தாண்டினவங்க ஆஸ்பத்திரில இருந்து ஒரு சான்று கொண்டாரணும். புத்தி தெளிவா இருக்கு, கையெழுத்துப் போடலாம்னு."

"என் புத்திய எவன்டா சந்தேகப்படறான்? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு மாடு வாங்கிக் குடுத்தவன் நான்."

"நான் சந்தேகப்படல, மாமா. சட்டம் சந்தேகப்படுது."

இது எப்படியோ யாவுஸ் காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே தொலைபேசியில் வந்தான். "அப்பாவுக்கு நினைவு தப்புதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா. அந்தச் சான்று கெடைக்காது, பாத்துக்க. கெடைக்கலன்னா நான் கோர்ட்டுக்குப் போயி அவருக்குக் காப்பாளரா என்னைப் போடச் சொல்லுவேன். அவர் நல்லதுக்குத்தான்." காப்பாளன் வந்துவிட்டால் துர்முஷ் தன் வீட்டுக் கதவுக்குச் சாயம் அடிக்கக்கூட மகனைக் கேட்க வேண்டும். வீட்டை எழுதிக் கொடுப்பதைக் கனவில்கூட நினைக்க முடியாது.

மகன் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் துர்முஷ் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். போன மாதம் சல்லடை என்ற சொல் அவருக்கு வரவில்லை. அது கையில் இருந்தது, ஆட்டிக்கொண்டும் இருந்தார், பெயர் மட்டும் வரவில்லை. "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதைக் கழுவி வை" என்று மகளிடம் கொடுத்தார். நாற்பது வருடமாகத் தேநீர்க் கடையில் எதிரே உட்காருகிற ரிஃபாத்தின் பெயர் ஒரு நாள் முழுக்க நாக்கின் நுனியில் நின்று விளையாட்டுக் காட்டியது. "யோவ், உன்னத்தான்யா" என்று சமாளித்தார். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் படுத்துக்கொண்டு தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். ஒரு பெயர் இடறினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

மருத்துவமனைக்குப் போகிற நாள் காலையில் கெவ்ஸர் அவருக்குக் கல்யாணத்துக்குப் போகிற கோட்டை மாட்டிவிட்டாள்.

"அப்பா, அங்க கேள்வி கேக்கப் போறது படிச்ச பொண்ணு. மனநல நிபுணராம். சந்தைப் பேச்செல்லாம் எடுத்து விட்டுடாத."

"நான் என்னத்தப் பேசிட்டேன்?"

"பல் டாக்டரப் பாத்து, என்னை விக்கப் போறியா, வாங்கப் போறியான்னு கேட்டது நீதான."

"மாட்டுக்குப் பாக்கற மாதிரி பல்லப் பாத்தான், கேட்டேன்."

"இன்னிக்குக் கேக்காத. மரியாதையா ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். நம்மளப் பத்தி மாட்டுக்காரங்கன்னு நெனச்சிடக் கூடாது."

துர்முஷ் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

மருத்துவமனை வாசலில் கொடுத்த படிவத்தைக் கெவ்ஸர்தான் நிரப்பினாள். பெயர், பிறந்த வருடம், ஊர். படிப்பு என்ற இடத்தில் அவரைக் கேட்காமலே தொடக்கப் பள்ளி, ஐந்து வருடம் என்று எழுதினாள். அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

இல்கின் என்ற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசைமேல் காகிதக் கட்டு, ஆறிப்போன காப்பி, ஒரு சின்னக் கடிகாரம். சிரித்த முகம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் துர்முஷுக்கு வாய் உலர்ந்தது. என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னார். கூட்டல் கழித்தல் கேட்டாள். அவள் கேட்டு முடிக்குமுன் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நல்லது, துர்முஷ் மாமா. இப்ப ஒரு நிமிஷம் நேரம் குடுப்பேன். அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம் பேரெல்லாம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல்லுங்க. சரியா?"

துர்முஷுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மிருகமா? அதில்தானே பிறந்து வளர்ந்தது? யாவுஸ் இங்கே இருந்து இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவள் கடிகாரத்தை அமுக்கினாள்.

"மாடு," என்றார். உடனே ஒரு சந்தேகம். "மாடுன்னா எது, மகளே? பல்லு போட்டதா, போடாததா?"

"எதுவா இருந்தாலும் மாடு ஒண்ணுதான், மாமா. மேல சொல்லுங்க."

காளை, கிடாரி, எருது, சினைமாடு, பால் வற்றினது என்று வரிசையாக நின்ற அவருடைய மந்தை முழுவதும் ஒரே மாடாகிப் போனது. அவர் கொஞ்சம் திகைத்தார். "செம்மறி. வெள்ளாடு. குதிரை." அடுத்து நாக்கில் வந்து நின்றது கழுதை. அந்த ஊரில் மதிப்பான ஒருவர் முன்னால் கழுதை என்ற சொல்லை யாரும் மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். சந்தைக்குள் சொல்வார்கள், அது வேறு. மகள் படித்துப் படித்துச் சொன்னது காதில் ஒலித்தது.

"அப்புறம், மன்னிக்கணும் மகளே, உங்களுக்கு முன்னாடி சொல்ற வார்த்தை இல்ல, நீங்க கேட்டதுனால சொல்றேன், கழுதை."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"உங்களைச் சொல்றேன்னு நெனச்சிடக் கூடாது, இங்க இருக்கற யாரையும் சொல்லல, நாய்."

அவள் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. துர்முஷின் நெற்றியில் வேர்த்தது. "அப்புறம் மலையில இருக்கறவன்."

"யாரு?"

"அதான், ஆட்டுக்கு ஆகாதவன். பேர் சொன்னா வந்து நிப்பான், அதான் நாங்க சொல்றதில்ல."

"பேர் சொன்னாத்தான் மாமா நான் எழுத முடியும்."

அவருடைய அப்பன் ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவர். கடைசிவரை ஓநாய் என்ற பெயரை வாயில் எடுக்காமல் செத்தார். துர்முஷ் வாயைத் திறந்தார், மூடினார். ஓநாயை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால், எதிரே வந்து நின்றது பன்றி. அதை இந்தப் பெண்ணிடம் சொல்வதைவிடச் சும்மா இருக்கலாம். "உங்க வாசலுக்கு ஆயிரம் காதம் தூரத்துல இருக்கட்டும், கடவுள் உங்களையும் உங்க புள்ளைகளையும் காப்பாத்தட்டும், பாம்பு" என்றார்.

கடிகாரம் கூவியது. இல்கின் எண்ணிப் பார்த்து ஏழு என்று எழுதினாள். சந்தையின் வாய் ஒரு நிமிடத்தில் ஏழு மிருகம் சொன்னது.

"அடுத்தது எழுத்து," என்றாள். "க-வில ஆரம்பிக்கற வார்த்தை எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஆள் பேரும் ஊர் பேரும் மட்டும் கூடாது."

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். துர்முஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்தவர் இல்லை. ஏழு வயதில் ஆட்டின் பின்னால் போனவர், பட்டாளத்துக்குப் போகிற வரைக்கும் திரும்பவில்லை. மாட்டு லாரி ஓட்ட உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தொடக்கப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எர்சுரூமில் அவரோடு பட்டாளத்தில் இருந்த நெஜ்மி என்ற எழுத்தர், ஒரு தோல்பை நிறையப் பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டு, துர்முஷ் பெயரில் போய்ப் பரீட்சை எழுதினான். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் ஐம்பது வருடம் மறைத்தார். கணக்கெல்லாம் தலைக்குள். கையெழுத்து என்று ஒரு கிறுக்கல், அதையும் நெஜ்மிதான் பழக்கிவிட்டான். எதையாவது படிக்கக் கொடுத்தால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பார். தெரிந்தவள் எமினே ஒருத்திதான், அவளும் போய்விட்டாள்.

எழுத்து தெரியாதவனுக்கு ஒரு சொல்லின் முதல் எழுத்து எது என்று எப்படித் தெரியும்? அவருக்குச் சொல் என்றால் அந்தப் பொருள்தான். கதவு என்றால் திறப்பது, மூடுவது. அதன் முன்னால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தேடினார். முதலில் வந்தது "கெவ்ஸர்."

"அது ஆள் பேரு, மாமா."

"என் மக பேரு."

"வேற சொல்லுங்க."

"கதவு," என்றார் கதவைப் பார்த்துக்கொண்டே. அதற்குப் பிறகு வெகு நேரம் கழித்து, "காது." அவ்வளவுதான். மேசைமேல் காகிதம் கிடந்தது, காப்பி இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மரத்தில் காகம் உட்கார்ந்திருந்தது. துர்முஷ் எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றும் வாய்க்கு வரவில்லை. சல்லடைக்கு வந்த கதி உலகத்துக்கே வந்துவிட்டது என்று நினைத்தார். போயிற்று, வீடு போயிற்று.

இல்கின் படிவத்தைத் திரும்பப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கெவ்ஸரை உள்ளே அழைத்து வந்தாள்.

"உங்கப்பா வெளி வேலையெல்லாம் தானே பாத்துக்கறாரா?"

"சந்தைக்கு வந்து கேளுங்கம்மா. இன்னமும் அவர் சொல்லாம அங்க பெரிய வியாபாரம் எதுவும் நடக்காது."

"படிப்பு அஞ்சு வருஷம்னு போட்டிருக்கீங்க. சரிதானே?"

கெவ்ஸர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு ஆதரவாக ஏதாவது சொல்லக் கிடைத்ததே என்று அவளுக்கு. "அஞ்சாம் வகுப்பு பாசும்மா. சர்டிபிகேட்டு கண்ணாடி போட்டு வீட்ல மாட்டியிருக்கு. வேணும்னா நாளைக்கே கொண்டாரேன். தெனமும் தேநீர்க் கடையில பேப்பர் படிக்கறவர்."

துர்முஷுக்கு மகளின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

"அப்படின்னா கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு," என்றாள் இல்கின் மெதுவாக. "எல்லாருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வயசுக்கும் படிப்புக்கும் தக்கபடி ஒரு அட்டவணை இருக்கு. வயசு ஏற ஏறக் கொஞ்சம் கொறையும், அது சகஜம். ஆனா அஞ்சு வருஷம் படிச்சவர் எழுத்துக் கேள்விக்கு ரெண்டே வார்த்தை சொன்னா, நான் சரின்னு எழுத முடியாது. தலையை ஸ்கேன் பண்ணணும், மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

"மூணு மாசமா? அதுக்குள்ள என் தம்பி கோர்ட்டுக்குப் போயிடுவான்மா."

"பள்ளிக்கூடமே போகாதவரா இருந்தா பேச்சே வேற. அவங்களுக்கு எழுத்துக் கேள்விய நாங்க கேக்கறதே இல்ல. இந்த வயசுக்கு ஏழு மிருகமும் அவங்க வரிசையில போதும். ஆனா இவர் படிச்சவராச்சே."

துர்முஷ் தன் முழங்கால்களைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. அது மட்டும் தெளிவாக, ஒரு சொல் விடாமல் வந்தது. கெவ்ஸருக்குப் பதினொரு வயது. வகுப்பில் முதல் மாணவி. அவளை மேலே படிக்க அனுப்புங்கள் என்று சொல்ல டீச்சர் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கே வந்தாள். நானும் அஞ்சாம் வகுப்பு முடிச்சவன்தான் டீச்சர், என்னத்தக் கண்டேன், பொம்பளப் புள்ளைக்கு அது போதும் என்று சொல்லி அவர் டீச்சரைத் திருப்பி அனுப்பினார். சுவரில் இருந்த சான்றிதழைக் கைநீட்டிக் காட்டினார். கெவ்ஸர் வாசற்படியில் பையோடு நின்றிருந்தாள். படித்த அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அழாமல் உள்ளே போனாள்.

இப்போது சொன்னால் வீடு மகளுக்குக் கிடைக்கும். சொன்னால் மகள் கிடைப்பாளா என்பது தெரியவில்லை. சொல்லாவிட்டால் யாவுஸ் வருவான். துர்முஷ் நிமிர்ந்து இல்கினைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பள்ளிக்கூடம் போனதில்ல."

கெவ்ஸர் அவர் தோளைத் தொட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, போயிருக்கப்பா. மறந்துட்டியா? வீட்ல மாட்டியிருக்கே." பிறகு இல்கினிடம் குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு மோசமா மறந்து நான் பாத்ததில்லம்மா" என்றாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் அதுவே நோய்க்குச் சாட்சியாகிறதே என்று துர்முஷுக்கு ஆத்திரம் வந்தது. பொய்யை அவ்வளவு கெட்டியாகக் கட்டிவைத்திருந்தார். நெஜ்மி பெயரைச் சொன்னார், பாலாடைக்கட்டியைச் சொன்னார், அந்தப் பை கறுப்பு வெள்ளாட்டின் தோல் என்பதையும் சொன்னார். கெவ்ஸர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இல்கின் ஒரு தாளில் நாலு சொல் பெரிதாக எழுதி அவர் முன் வைத்தாள்.

"இதைப் படிங்க, மாமா."

துர்முஷ் தாளைக் கையில் எடுத்தார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், மகளே."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. காலையில் கெவ்ஸரே துடைத்து மாட்டிவிட்டது.

கெவ்ஸர் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மின்சார ரசீதை, மருந்துச் சீட்டை, அவள் புகுந்த வீட்டிலிருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் அம்மா சத்தமாகப் படித்தது, அவர் கண்ணாடியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவியது, எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக வந்திருக்க வேண்டும். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்கம்மா," என்றாள் இல்கினிடம். "படிப்பு பூஜ்யம்னு எழுதிக்கோங்க. தப்பா எழுதினது நான்தான்."

சான்று கிடைத்தது, வியாழக்கிழமை பத்திரம் பதிவானது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். ரிஃபாத்தும் இன்னொரு தரகரும் வந்தார்கள். துர்முஷ் கையெழுத்துப் போடாமல் கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தியபோது ரிஃபாத் அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தான். நல்லவன். அடுத்த சந்தைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அதற்கு அவன் என்ன செய்வான்?

மருத்துவமனையிலிருந்து வந்த அந்த நாலு நாளும் கெவ்ஸர் சூப்பு வைத்தாள், மாத்திரை கொடுத்தாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. துர்முஷ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சந்தையில் வாங்காத திட்டா?

பத்திரத்தோடு வீடு திரும்பியதும் அவள் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து அவர் கட்டை விரலைத் தேய்த்துக் கழுவினாள். மை போகவில்லை. விரலை விடாமலே கேட்டாள்.

"ஏன்பா அன்னிக்கு டீச்சர் கிட்ட அப்படிச் சொன்ன?"

துர்முஷ் பதிலைத் தேடினார். ஐம்பது வருடம் அடுத்தவன் கையைக் குலுக்கிக்கொண்டு பொழிந்த வாய் திறந்தபடி நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும். அவள் காத்திருந்தாள்.

"அந்த டீச்சர் ஒரு காகிதம் நீட்டினாம்மா," என்றார் கடைசியில். "உங்க பேரு, புள்ள பேரு எல்லாம் நீங்களே எழுதிக் குடுங்கன்னா. சின்னப் பொண்ணு. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. எழுதத் தெரியாதுன்னு சொல்ல வரல. புள்ளைய அனுப்பலன்னு வந்துருச்சு."

"அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

கெவ்ஸர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அம்மா பக்கத்துலதானப்பா நின்னா," என்றாள். "அவ எழுதிக் குடுத்திருப்பாளே."